இரண்டு இருந்தால் போதுமா? சேவர் கொத்தணிகள் பற்றி ஒரு கணக்காளனின் விளக்கம்

2022 யூலை 19ஆம் திகதி லண்டனில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டியது. அன்று கைஸ், செயின்ட் தோமஸ் ஆகிய இரண்டு பெரிய வைத்தியசாலைகளின் கணினிகள் நின்றுபோயின. வைத்தியர்களால் நோயாளரின் பழைய குறிப்புகளைப் பார்க்க முடியவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் திரையில் வரவில்லை. தாதியர் பேனையும் தாளும் எடுத்தனர். சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் எடுத்தன.

இந்த இரண்டு வைத்தியசாலைகளையும் நடத்தும் நிர்வாகத்திடம் ஒரு தரவு நிலையம் அல்ல, இரண்டு தரவு நிலையங்கள் இருந்தன. ஒரே நாளில், ஒரே வெயிலில், குளிரூட்டும் இயந்திரங்கள் தாங்காமல் இரண்டுமே விழுந்தன.

நான் கணினிப் பொறியியலாளன் அல்லன். வணிகவியல் படித்து, பிளேஸ்டோவில் இருந்து கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனால் எங்கள் கோயில்களிலும் சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் “இரண்டாவது சேவர் ஒன்று வாங்கிப் போட்டால் பயமில்லை” என்ற பேச்சு வரும்போது, விலைப்பட்டியல் கடைசியில் பொருளாளரின் கைக்குத்தான் வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை எங்கள் வழக்கத்தில் விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கொத்தணி என்றால் என்ன

கொரோனா காலத்தில் இலங்கைச் செய்திகளில் ‘கொத்தணி’ என்ற சொல்லை நாள்தோறும் கேட்டோம். கணினித் துறையில் ‘கிளஸ்டர்’ என்று சொல்லப்படுவதும் கொத்தணிதான். பல சேவர்களை ஒன்றாகக் கட்டி, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே சேவர் போலத் தோன்றும்படி செய்வது. கொத்தணியில் உள்ள ஒவ்வொரு சேவரும் ஒரு கணு. ஒரு கணு விழுந்தால் அது செய்துகொண்டிருந்த வேலையை இன்னொரு கணு தானாக எடுத்துக்கொள்ளும். இதைத்தான் ‘பெயிலோவர்’ என்கிறார்கள்.

கடைக்குப் போகும் எங்களுக்கு இது தெரிவதில்லை. காட் இயந்திரம் ஐந்து பத்து செக்கன் யோசித்துவிட்டு ‘அப்ரூவ்ட்’ என்று காட்டுகிறது. அந்தச் சில செக்கன்களில் எங்கேயோ ஒரு கணு விழுந்து மற்றொன்று எழுந்திருக்கவும் கூடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய முறையில் கட்டப்பட்ட கொத்தணிகளில் சேவர்கள் இரண்டாக இருந்தாலும், தரவு இருக்கும் சேமிப்புப் பெட்டி ஒன்றுதான். இரண்டு காசாளர், ஒரே பணப்பெட்டி. காசாளர் ஒருவர் வராவிட்டால் மற்றவர் சமாளிப்பார். பெட்டி எரிந்தால் இருவருக்கும் வேலையில்லை. விலைப்பட்டியலில் ‘இரண்டு சேவர்’ என்று இருந்தால், “சேமிப்பு எத்தனை இடத்தில் இருக்கிறது?” என்பதே நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எத்தனை கணு வைக்கலாம்

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1997இல் விண்டோஸ் என்டி 4.0 பதிப்பில் கொத்தணி வசதியைக் கொண்டுவந்தபோது இரண்டு கணுக்கள் மட்டுமே வைக்கலாம். விண்டோஸ் சேவர் 2003இல் அது 8 ஆனது. 2008இல் 16. விண்டோஸ் சேவர் 2012 முதல் 64. அதற்கு முன்னர் கொத்தணி வசதிக்கு விலை கூடிய பதிப்பை வாங்க வேண்டியிருந்தது. 2012 முதல் சாதாரண ‘ஸ்டான்டர்ட்’ பதிப்பிலேயே அது கிடைக்கிறது.

எதற்காக ஒரு எல்லை? ஒவ்வொரு கணுவும் மற்றக் கணுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். யார் எந்த வேலையைச் செய்கிறார் என்ற பதிவேடு எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் ஒரு சோடி. நான்கு பேர் என்றால் 6 சோடி. 16 பேர் என்றால் 120. 64 பேர் என்றால் 2,016. நிர்வாகசபையில் ஐந்து பேர் இருக்கும்போது ஒரு மணித்தியாலத்தில் முடிந்த கூட்டம், இருபது பேரானதும் இரவு பதினொரு மணிக்கும் முடியாததை நாங்கள் பார்த்திருக்கிறோம். கணுக்களின் நிலையும் அதுதான்.

எண்ணிக்கையைக் கணக்காளன் கண்ணால் பார்ப்பதென்றால், பயன்படுத்தாமல் வைத்திருக்க வேண்டிய கொள்ளளவைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கணுக்கள் இருந்து ஒவ்வொன்றும் 80 வீதம் வேலை செய்துகொண்டிருந்தால், ஒன்று விழுந்ததும் மற்றதன் தலையில் 160 வீதம் ஏறும். அதுவும் விழும். ஆகவே இரண்டு கணுக் கொத்தணியில் ஒவ்வொன்றும் 50 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. வாங்கியதில் பாதி சும்மா நிற்கும். நான்கு கணு என்றால் ஒவ்வொன்றும் 75 வீதம் வரை போகலாம். சும்மா நிற்பது கால்வாசி. எட்டு என்றால் சும்மா நிற்பது 12.5 வீதம். பதினாறு என்றால் 6.25 வீதம். வணிகவியல் வகுப்பில் படித்த குறைந்து செல் விளைவு விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது. இரண்டிலிருந்து நான்குக்குப் போவதில் கிடைக்கும் இலாபம் எட்டிலிருந்து பதினாறுக்குப் போவதில் இல்லை.

செலவுப் பக்கமோ குறைவதில்லை. 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சேவர் உரிமம் செயலியின் ‘கோர்’ எண்ணிக்கைப்படி விற்கப்படுகிறது. சிறிய சேவராக இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வாங்க வேண்டும். பாதி நேரம் சும்மா நிற்கும் கணுவுக்கும் அதே விலைதான்.

இரட்டை எண்ணின் சிக்கல்

இதுவே இந்த விடயத்தின் மையம். எங்கள் சமூகத்துக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபமும் கூட.

ஒரு கோயிலின் நிர்வாகசபை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்புக்கும் இடையே பேச்சு இல்லை. இரு தரப்பும் “நாங்கள்தான் உண்மையான நிர்வாகம்” என்கின்றன. இருவரிடமும் காசோலைப் புத்தகம் இருக்கிறது. இருவரும் பற்றுச்சீட்டு அடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துச் சமாதானம் ஆகும்போது, எந்தப் பற்றுச்சீட்டு செல்லும், எந்தக் கொடுப்பனவு செல்லாது என்று தீர்க்க வழியில்லாமல் வழக்கறிஞரிடம் போகிறார்கள். நிர்வாகமே இல்லாமல் கோயில் ஆறு மாதம் பூட்டிக் கிடந்திருந்தால்கூடக் கணக்கு இவ்வளவு குழம்பியிருக்காது.

கொத்தணியிலும் இது நடக்கும். இரண்டு கணுக்களும் நலமாக இருக்கின்றன. இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்துவிட்டது. ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக நினைக்கிறது. இரண்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டு ஒரே தரவில் தனித்தனியாக எழுதத் தொடங்குகின்றன. பொறியியலாளர்கள் இதை மூளைப் பிளவு என்கிறார்கள். சேவர் விழுவதைவிட அவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

மருந்து யாப்பில் நாங்கள் எழுதும் அதே மருந்து: கோரம். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்ற விதி. கொத்தணியில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வாக்கு. பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் தன் பக்கம் இருக்கும் பகுதி மட்டுமே வேலையைத் தொடரலாம். மற்றப் பகுதி உயிரோடு இருந்தாலும் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஐந்து கணுவில் மூன்று ஒருபுறம், இரண்டு ஒருபுறம் பிரிந்தால், மூன்று தொடரும், இரண்டு ஒதுங்கும்.

ஆனால் இரண்டு கணுவில் ஒன்றுக்கு ஒன்று. நான்கில் இரண்டுக்கு இரண்டு. பாதிக்கு மேல் யாரிடமும் இல்லை. விதிப்படி இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். அதனால்தான் இரட்டை எண் கொத்தணிக்கு ‘சாட்சி’ என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். சாட்சி வேலை எதுவும் செய்யாது. வாக்கு மட்டும் போடும். இரண்டு கணுவும் ஒரு சாட்சியும் சேர்ந்தால் மூன்று வாக்கு. கம்பி அறுந்தால் எந்தக் கணு சாட்சியை முதலில் பிடிக்கிறதோ அது தொடரும்.

சாட்சிக்குப் பெரிய செலவில்லை. பகிரப்பட்ட சிறு டிஸ்க் ஆகவோ வேறொரு கணினியிலுள்ள ஒரு கோப்புறையாகவோ இருக்கலாம். 2016 பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட்டின் மேகச் சேமிப்பிலும் வைக்கலாம். 2019 பதிப்பிலிருந்து, பொருத்தமான ரூட்டரில் செருகிய ஒரு யூ.எஸ்.பி குச்சியே சாட்சியாக இருக்க முடியும். முக்கியமான விதி ஒன்றுதான்: சாட்சி மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். முதல் கணு இருக்கும் அதே அறையில் சாட்சியையும் வைத்தால், அந்த அறையில் மின்சாரம் போகும்போது மூன்றில் இரண்டு வாக்கு ஒன்றாகப் போகும். வேறிடத்தில் நலமாக இருக்கும் இரண்டாவது கணு ஒற்றை வாக்கோடு ஒதுங்கிவிடும். இரண்டு சேவருக்குக் காசு கொடுத்தும் ஒரு சேவரின் பாதுகாப்புத்தான் கிடைத்திருக்கும்.

இதயத்துடிப்பு போகும் வழி

கணுக்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் சிறு செய்திக்கு ‘இதயத்துடிப்பு’ என்று பெயர். விண்டோஸ் கொத்தணியில் அது செக்கனுக்கு ஒரு தடவை போகும். பழைய பதிப்புகளில் தொடர்ந்து ஐந்து துடிப்பு வராவிட்டால் அந்தக் கணு இறந்ததாகக் கொள்ளப்படும். 2016இலிருந்து அது ஒரே வலையமைப்புப் பகுதிக்குள் பத்து, வெவ்வேறு பகுதிகளுக்கு இடையே இருபது என்று கூட்டப்பட்டது. அவசரப்பட்டால் சிறு தும்மலுக்கும் பெயிலோவர் நடக்கும். பொறுமை கூடினால் உண்மையாகவே விழுந்ததைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும்.

இந்தத் துடிப்பு எந்தக் கம்பியில் போகிறது என்பதுதான் வலையமைப்புத் தெரிவு. ஒவ்வொரு வலையமைப்பையும் மூன்றில் ஒரு விதமாகக் குறிக்கலாம். கணுக்களுக்கு இடையே மட்டும். கணுக்களும் பயனாளரும் சேர்ந்து. கொத்தணி தொடவே கூடாதது. ஒரே கம்பியில் எல்லாவற்றையும் விட்டால், இரவில் பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது கம்பி நிரம்பி, துடிப்பு பிந்தி, உயிரோடு இருக்கும் கணுவை இறந்ததாக மற்றது நினைக்கலாம். ஆகவே குறைந்தது இரண்டு வழி வேண்டும். அந்த இரண்டு வழியும் ஒரே சுவிட்சிலோ ஒரே மின்குதையிலோ போய்ச் சேரக்கூடாது.

இதை ஒழுங்காகச் செய்பவர்கள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பிளேஸ்டோவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகப் பகுதியில், டெலிஹவுஸ் என்ற தரவு நிலையம் 1990இல் திறக்கப்பட்டது. இணைய நிறுவனங்கள் தம்மிடையே தரவைப் பரிமாறிக்கொள்ளும் லண்டன் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் 1994இல் அங்கேதான் தொடங்கியது. அவர்கள் லண்டனில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வலையமைப்புகளை நடத்துகிறார்கள். இரண்டிலும் உள்ள சாதனங்கள் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒரு தயாரிப்பாளரின் மென்பொருளில் பிழை இருந்தால் அது ஒரு வலையமைப்பை மட்டுமே விழுத்தும். கைஸ், செயின்ட் தோமஸ் சம்பவத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். இரண்டு என்ற எண்ணிக்கை இரு இடத்திலும் உண்டு. இரண்டையும் ஒரே காரணம் விழுத்துமா என்பதில்தான் வித்தியாசம்.

2008 பதிப்புக்கு முன்னர் கணுக்கள் எல்லாம் ஒரே வலையமைப்புப் பகுதியில் இருக்க வேண்டியிருந்தது. அதன்பின் வெவ்வேறு நகரங்களில் வைக்க முடிந்தது. ஆனால் தூரத்துக்கு விலை உண்டு. ஒளியிழையில் சமிக்ஞை ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும். லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்கோட்டில் 8,000 கிலோமீற்றருக்கு மேல். போய்வரக் குறைந்தது 80 மில்லிசெக்கன். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எழுதும் முறைக்கு மைக்ரோசொப்ட் பரிந்துரைப்பதோ போய்வர 5 மில்லிசெக்கனுக்குள். எனவே தூர இடத்துக்குப் பிரதி சற்றுப் பிந்தியே போகும். அந்தப் பிந்திய செக்கன்களில் எழுதப்பட்டவைதான் ஆபத்தில் இருப்பவை.

43 செக்கன்கள்

அந்த ஆபத்து என்னவென்று 2018 ஒக்டோபர் 21ஆம் திகதி கிட்ஹப் நிறுவனத்துக்குத் தெரிந்தது. உலகெங்கும் மென்பொருள் எழுதுபவர்கள் தம் வேலையைச் சேமித்து வைக்கும் தளம் அது. வழமையான பராமரிப்பின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு இணைப்பு 43 செக்கன்கள் அறுந்தது. கோரம் விதிப்படி மேற்குக் கரைத் தரவுத்தளம் பொறுப்பேற்று, புதிய பதிவுகளை எழுதத் தொடங்கியது. ஆனால் கிழக்கில் கடைசிச் சில செக்கன்களில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இணைப்பு திரும்பியபோது, ஒவ்வொரு பக்கத்திலும் மற்றப் பக்கத்தில் இல்லாத பதிவுகள் இருந்தன.

இரண்டு காசேடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான் அது. கணக்கெழுதுபவர்களுக்கு அதன் பாரம் தெரியும். தளத்தை அவசரமாகத் திறப்பதைவிடத் தரவு சரியாக இருப்பதே முக்கியம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். சேவை முழுதாகச் சீராக 24 மணித்தியாலமும் 11 நிமிடமும் எடுத்தன. சேவர் ஒன்றுகூடப் பழுதாகாமல், 43 செக்கன் இணைப்புக் கோளாறால் வந்த வினை இது.

கொத்தணி காப்பாற்றாதவை

பிளேஸ்டோ கிளென் வீதியில் உள்ள நியூஹாம் வைத்தியசாலை எங்களில் பலருக்குப் பிள்ளைகள் பிறந்த இடம். அது பார்ட்ஸ் ஹெல்த் நிர்வாகத்தின் கீழ் வருவது. 2017 மே 12ஆம் திகதி வானாகிரை என்ற கப்பம் கேட்கும் தீநிரல் உலகெங்கும் பரவியபோது பார்ட்ஸ் ஹெல்த்தும் பாதிக்கப்பட்டது. சந்திப்புகள் இரத்தாகின, அம்புலன்ஸ்கள் வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டன. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதத்துக்கு முன்னர், மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

இப்படியான தாக்குதலுக்கு எத்தனை கணு இருந்தாலும் பயனில்லை. கணுக்களை இணைக்கும் அதே வலையமைப்பில் தீநிரலும் நடந்து போகும். ஒரு கணுவில் கோப்பு அழிந்தால் மற்றக் கணுவிலும் உடனே அழியும். கார்பன் தாளில் எழுதும்போது மேலே தவறான தொகையை எழுதினால் கீழேயும் அதே தவறுதான் பதியும். கொத்தணி, சேவை தொடர்ந்து நடப்பதற்கானது. காப்புப் பிரதி, இழந்ததை மீட்பதற்கானது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

ஒற்றைப் பிரதியின் விலை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வேறு இடத்தில் பிரதி இருந்த நூல்கள் பின்னர் தேடி வாங்கப்பட்டன. பிரதியில்லாதவை திரும்பவில்லை. 2005இலிருந்து நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருவதன் பெறுமதி இதில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு அலுமாரியில் இருந்த சஞ்சிகை இன்று பல நாடுகளில் பலருடைய கணினிகளிலும் இருக்கிறது.

எங்கள் சங்கங்களுக்கு

அப்படியென்றால் ஒரு தமிழ்ப் பள்ளியோ ஊர்ச் சங்கமோ கொத்தணி வாங்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். சேவர் அரை நாள் நின்றால் ஒரு வைத்தியசாலையில் உயிர் போகலாம். வங்கியில் ஆயிரக்கணக்கானோரின் சம்பளம் நிற்கலாம். சனிக்கிழமைப் பள்ளியில் வரவுப் பதிவைத் தாளில் எழுதிவிட்டுத் திங்கட்கிழமை ஏற்றலாம். நிற்கும் ஒரு மணித்தியாலத்தால் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் பார்த்து, அதைவிடக் கூடிய செலவில் பாதுகாப்பு வாங்காமல் இருப்பதே சரி. அந்தக் காசில் ஒரு பகுதியை மூன்று பிரதிகளுக்குச் செலவிடலாம். ஒன்று வேலை செய்யும் கணினியில், ஒன்று வலையமைப்பில் இணைக்காமல் எடுத்து வைக்கும் டிஸ்க்கில், ஒன்று வேறு கட்டிடத்தில் அல்லது மேகத்தில்.

கடைகளோ நிறுவனங்களோ கொத்தணி வாங்கத்தான் வேண்டுமென்றால், விற்பவரிடம் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஒரு கணு விழுந்தால் மிச்சமுள்ளவை முழு வேலையையும் தாங்குமா? சாட்சி எங்கே இருக்கிறது? இதயத்துடிப்பு போகும் இரண்டு வழிகளும் எங்காவது ஒன்றாகச் சேர்கின்றனவா? பிரதி எத்தனை செக்கன் பிந்திப் போகிறது? வேண்டுமென்றே ஒரு கணுவின் மின்சாரத்தை நிறுத்தி எப்போது சோதித்துக் காட்டுவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் திகதி சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

இதைவிட அவசரமான ஒன்றும் உண்டு. எங்கள் அமைப்புகளில் பெரும்பாலும் ஒற்றைக் கணுவாக இருப்பது கணினியல்ல, ஆள். உறுப்பினர் பட்டியல், வங்கிக் கடவுச்சொல், இணையத்தளப் பெயரின் உரிமை, முப்பது வருடப் புகைப்படங்கள் எல்லாம் ஒரு பொருளாளரின் அல்லது ஒரு அண்ணையின் மடிக்கணினியில் இருக்கின்றன. போராட்டக் காலத்தில் ஊரை விட்டு வந்து இந்த அமைப்புகளைத் தொடங்கியவர்கள் இன்று அறுபது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர் நோய்ப்பட்டால் யார் எடுப்பது என்று யாப்பில் இல்லை. வீடுகளிலும் இதே நிலைதான். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, அகதிக் கோரிக்கைக் கடிதங்கள் ஒரே கோப்பில், ஒரே அலுமாரியில், அம்மாவுக்கு மட்டும் தெரிந்த இடத்தில்.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேருங்கள். கடவுச்சொற்களும் பதிவுகளும் மூன்று பேரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வேறு நகரத்தில் வசிப்பவராக இருக்கட்டும். எதை மாற்றவும் மூவரில் இருவரின் ஒப்புதல் வேண்டும். வருடத்தில் ஒருநாள், பொருளாளரின் கணினியைத் தொடாமல், மற்ற இருவரும் பிரதிகளிலிருந்து கணக்குகளைத் திறந்து காட்ட வேண்டும். திறக்க முடிந்ததா இல்லையா என்பதைக் கூட்டக் குறிப்பில் திகதியோடு எழுதி வையுங்கள்.